மூச்சடக்கிக் கண்ட ஒரு மணி நேரம்

“உங்களுள் எவருக்கேனும் சளி, இருமல், காய்ச்சல் உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.”

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், தென்மேற்குக் கோடியில் உள்ள புவிண்டி மலைக்காட்டுக்குக் கொரில்லாக்களைக் காணச் செல்வோரிடம் காட்டின் வாயிலிலேயே கேட்கப்படும் கேள்வி இது. விலங்கைக் கண்டு மனிதன் அஞ்சுவது உலக வழக்கு. இங்கோ மனிதனின் மூச்சுக்கு விலங்கு அஞ்சவேண்டிய நிலை. அந்த அச்சம் கொரில்லாவுக்குத் தெரியாது. ஆதலால் அதன் பொருட்டு வழிகாட்டி அஞ்சுகிறார். நோயுண்டு என்று உண்மையைச் சொல்லி விலகுவோருக்கு, அவர்கள் செலுத்திய பணத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்படுகிறது. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் சளியும் தட்டம்மையும் எவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் என்பதை நம் தாய்மார்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்விதிக்கு அதுவும் ஒரு காரணம்.

நாம் சென்ற நாளில் எண்மர் இருந்தோம். ஒரு கொரில்லாக் குடும்பத்தைக் காண ஒரு நாளில் எண்மருக்கு மேல் செல்ல இயலாது. காணும் நேரமும் ஒரு மணி மட்டுமே. அயல்நாட்டார் ஒருவருக்கு இதற்குரிய அனுமதிச் சீட்டின் விலை 800 அமெரிக்க டாலர். நம் நாணயத்தில் அறுபதாயிரம் ரூபாய்க்கும் மேல். அண்டை நாடாகிய ருவாண்டாவிலோ 2017 முதல் அது 1,500 டாலர். நமக்கு அச்சீட்டு நண்பர் ஒருவரின் கொடையாக வாய்த்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இன்றேல், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகும் பணத்தை ஒரு மணி நேரக் காட்சிக்கு ஈடாக்க நமக்குத் துணிவு வந்திராது.

மலைக் கொரில்லா என்னும் இவ்வினம் உலகில் இரண்டே இடங்களில் வாழ்கிறது. ஒன்று புவிண்டி. மற்றொன்று, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் கூடும் இடத்தில் நிற்கும் விருங்கா எரிமலைத் தொடர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவே. எனினும் அவ்விடைவெளி முழுவதும் வீடும் விளைநிலமுமாய் நிறைந்திருப்பதால், ஒரு பக்கத்துக் கொரில்லா மறுபக்கம் செல்ல வழியில்லை. மிருகக்காட்சிச் சாலைகளில் நாம் காண்பவை தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த வேறு வகை. மலைக் கொரில்லா ஒன்றேனும் உலகின் எந்தக் காட்சிச் சாலையிலும் இன்று இல்லை.

மேலைநாட்டார் இவ்வினத்தை அறிந்துகொண்டதே துப்பாக்கியின் வழியாகத்தான். 1902 அக்டோபரில் ராபர்ட் ஃபான் பெரிங்கே என்னும் ஜெர்மானியப் படைத்தலைவர், விருங்காத் தொடரில் உள்ள சபின்யோ மலையில் இரண்டு கொரில்லாக்களைச் சுட்டு வீழ்த்தினார். மறு ஆண்டே அறிவியலார் அவ்வினத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். சுட்டவருக்கே பெயர்! பின்னர் 1933 இல் வெளிவந்த ‘கிங் காங்’ திரைப்படம், கொரில்லா என்றால் கொடிய அரக்கன் என்னும் எண்ணத்தை உலகெங்கும் விதைத்தது. 1959 இல் ஜார்ஜ் ஷாலர் என்னும் ஆராய்ச்சியாளர் கொரில்லாக்கள் வாழும் மலையிலேயே தங்கி அவற்றின் வாழ்வைப் பொறுமையுடன் கவனித்து, அவை இலை தின்று வாழும் சாதுவான குடும்பப் பிராணிகள் என்று எடுத்துக்காட்டினார். 1967 இல் விருங்காவில் கூடாரம் அமைத்துத் தங்கிய டயான் ஃபாஸி அம்மையார், அவற்றுக்காகவே வாழ்ந்து, 1985 டிசம்பரில் தம் குடிலிலேயே வெட்டுண்டு மாண்டார். அவர் வாழ்ந்த நாளில், 1981 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, விருங்காவில் எஞ்சியிருந்தவை சுமார் 250 மட்டுமே.

இன்று நிலை வேறு. 2015–16 இல் விருங்காவில் எடுத்த கணக்கு 604. 2018 இல் புவிண்டியிலும் அதனை ஒட்டிய காங்கோக் காட்டிலும் எடுத்த கணக்கு 459. ஆக, 1,063. நம் ஊர்க் கோயிலில் பெருநாள் திருப்பலிக்குக் கூடும் மக்களைவிட இது குறைவுதான். ஆயினும் ஒரு காலத்தில் இந்நூற்றாண்டைக் காணாமலே அழிந்துவிடும் என்று கருதப்பட்ட இனம், இன்று எண்ணிக்கையில் பெருகி வருகிறது. இதற்குக் காரணம் வேலியோ துப்பாக்கியோ மட்டும் அன்று. 800 டாலர் கொடுத்து வரும் அந்த எண்மரும் ஒரு காரணம். கொரில்லாவுக்கு ஆபத்தும் அவர்களே, ஆதாரமும் அவர்களே என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

காட்டுக்குள்

புவிண்டி 321 சதுர கிலோமீட்டர் அளவுள்ள காடு. ஆங்கிலேயர் அதனை ‘நுழைய இயலாத காடு’ என்றே அழைத்தனர். பெயர் மிகையன்று. மலைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடப்பதுபோல் நெருங்கி நிற்கின்றன. சமதரை என்பதே இல்லை. 25,000 ஆண்டுகளுக்கும் மேலாக அழியாது நிற்கும் காடு என்பதால் மரத்தின்மேல் பாசி, பாசியின்மேல் பெரணி, பெரணியின்மேல் கொடி என்று அடுக்கடுக்காய் வளர்ந்திருக்கிறது. 1991 இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1994 இல் உலகப் பாரம்பரியச் செல்வங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

புஹோமா என்னும் சிற்றூரில் காலை எட்டு மணிக்குப் பயணம் தொடங்கியது. முன்னே வழிகாட்டி, அவருக்கு முன்னே அரிவாளால் கொடிகளை வெட்டி வழிதிறக்கும் ஒருவர், முன்னும் பின்னும் துப்பாக்கி ஏந்திய காவலர் இருவர். காட்டு யானை எதிர்ப்பட்டால் வானை நோக்கிச் சுட்டு விரட்டுவதற்கே துப்பாக்கி என்றனர். அது உண்மை, முழு உண்மை அன்று. 1999 மார்ச் 1 ஆம் நாள், ருவாண்டாவின் இனப்படுகொலைக் கும்பலைச் சேர்ந்தோர் எல்லை தாண்டி இதே புஹோமாவுக்குள் புகுந்து, கொரில்லாக்களைக் காண வந்திருந்த பயணிகளுள் எண்மரைக் கொன்றனர். அவர்களைக் காக்க முயன்ற உகாண்டா அதிகாரி ஒருவரும் உயிரிழந்தார். அதன்பின் காவலரின்றி இக்காட்டில் பயணம் இல்லை.

நம் பையைச் சுமக்க அவ்வூர் இளைஞர் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். பை கனமானதன்று, நாமே சுமந்திருக்கலாம். ஆயினும் ஒரு நாள் கூலி ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதற்காக வழிகாட்டியே அவ்வாறு செய்யச் சொல்கிறார். ஏற்றம் தொடங்கிய அரைமணியில், அந்த இளைஞர் தூக்கியது பையை மட்டுமன்று என்பது விளங்கிற்று. சேறு வழுக்கும் சரிவுகளில் அவர் கை நம் முழங்கையைவிட்டு அகலவில்லை. செந்தட்டிச் செடிகள் காற்சட்டையையும் துளைத்துச் சுடுகின்றன. இதே செந்தட்டியைக் கொரில்லா கீரைபோல் உருவித் தின்னும் என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

கொரில்லாக்களை எங்கே தேடுவது? இதற்கென விடியற்காலையிலேயே தடம் காண்போர் புறப்பட்டுவிடுகின்றனர். முந்திய நாள் அக்குடும்பம் இருந்த இடத்துக்குச் சென்று, அங்கிருந்து ஒடிந்த தண்டு, கடித்தெறிந்த இலை, சாணம், முட்டி பதிந்த சேறு ஆகியவற்றைப் பார்த்துப் பின்தொடர்கின்றனர். கொரில்லா ஒவ்வோர் இரவும் இலைகளையும் கிளைகளையும் வளைத்துப் புதிய படுக்கை அமைத்து உறங்கும். ஒருமுறை படுத்த படுக்கையில் மறுமுறை படுப்பதில்லை. தாயின் படுக்கையிலேயே குட்டியும் உறங்கும். கைவிடப்பட்ட படுக்கைகளை எண்ணித்தான் குடும்பத்தில் எத்தனை உயிர்கள் என்று கணக்கிடுகின்றனர். ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பது மூக்கின் மேலுள்ள ரேகையைக் கொண்டு. நம் கைரேகைபோல் அது ஒன்றுக்கொன்று வேறுபடும்.

இரண்டரை மணி நேரம் ஏறி இறங்கிய பின் வழிகாட்டியின் கையிலிருந்த வானொலிக் கருவி முணுமுணுத்தது. பைகளையும் ஊன்றுகோல்களையும் அங்கேயே வைக்கச் சொன்னார். கோலைக் கண்டால் ஆயுதம் என்று கொரில்லா எண்ணக்கூடுமாம். அனைவரும் முகக்கவசம் அணிந்தோம். பத்து மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். தும்மல் வந்தால் திரும்பி நின்று முழங்கையில் முகம் புதைக்க வேண்டும். கொரில்லா பாய்ந்து வந்தாலும் ஓடக் கூடாது. இவற்றை மீண்டும் ஒருமுறை சொன்னார். பின்னர், தொண்டையைச் செருமுவதுபோல் ஆழ்ந்த ஓர் ஒலியை எழுப்பினார். புதருக்குள்ளிருந்து அதே ஒலி பதிலாக வந்தது.

கொரில்லாக்கள் ஒன்றுக்கொன்று ‘நலமே’ என்று தெரிவித்துக்கொள்ளும் ஒலி அது என்றார்.

முதலில் கண்டது ஒரு கை. இலைகளுக்கிடையிலிருந்து நீண்டு, ஒரு தண்டைப் பற்றி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இலைகளை உருவிற்று. விரல்களும் நகங்களும் நம்முடையவற்றைப் போன்றே இருந்தன. பிறகு முகம். பிறகு, புதர் விலக, முதுகு. முதிர்ந்த ஆணின் முதுகு ரோமம் வெள்ளிபோல் நரைத்திருக்கும். அதனால் அதனை ‘வெள்ளிமுதுகன்’ என்றே அழைக்கின்றனர். எடை 160 கிலோவுக்கும் மேலிருக்கும் என்றனர். நம்மை ஒருமுறை ஏறிட்டது. அந்தப் பார்வையில் சினமில்லை, ஆர்வமும் இல்லை. எதிர்பாராத நேரத்தில் வந்த உறவினரைக் குடும்பத் தலைவர் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மீண்டும் தின்னத் தொடங்கிற்று.

சற்றுத் தள்ளி ஒரு தாய் மல்லாந்து சாய்ந்து கிடந்தாள். மார்பில் சில மாதக் குட்டி. எட்டரை மாதம் சுமந்து பெற்ற குட்டியை மூன்று ஆண்டுக்கும் மேல் பாலூட்டி வளர்ப்பாள். நான்காண்டுக்கு ஒன்றாகத்தான் அடுத்த பேறு. ஆகவே ஒரு குட்டியை இழப்பது என்பது அக்குடும்பத்துக்குச் சிறு இழப்பன்று. வேறு இரண்டு இளங்குட்டிகள் கொடியில் தொங்கி ஒன்றையொன்று தள்ளிவிட்டன. கீழே விழுந்த ஒன்று வெள்ளிமுதுகனின் தோள்மேல் ஏறிற்று. அது குட்டியை எடுத்துக் கீழே விட்டது. மறுபடியும் ஏறிற்று. மறுபடியும் எடுத்து விட்டது. மூன்றாம் முறை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. இதனைப் பார்த்து நம் குழுவில் புன்னகைக்காதவர் இல்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

பத்து மீட்டர் என்னும் விதி மனிதருக்குத்தானே! இளங்குட்டி ஒன்று நம்மை நோக்கி நேரே நடந்து வந்தது. மார்பை நிமிர்த்தி, இரு உள்ளங்கைகளையும் குவித்துத் தட்டிக் காட்டிற்று. பெரியவை தட்டினால் காடே அதிரும். இதன் கொட்டு காலிப் பெட்டியைத் தட்டியது போலிருந்தது. வழிகாட்டி கையசைக்க, நாம் எல்லோரும் பின்வாங்கினோம். அது மேலும் வந்தது. மேலும் பின்வாங்கினோம்.

அந்த நேரத்தில் நம்முடன் வந்தோருள் ஒருவருக்கு இருமல் எழுந்தது. அடக்க முயன்றார், முடியவில்லை. மலையேற்றத்தில் வரண்ட தொண்டையாகவே இருந்திருக்கலாம். வழிகாட்டி அவரைத் தோளைத் தொட்டு அழைத்து, ஒரு காவலருடன் நெடுந்தூரம் பின்னே அனுப்பிவிட்டார். எஞ்சிய நேரம் அவர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. தொலைதூர நாட்டிலிருந்து, பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் வந்தவர். கீழே இறங்கியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. வழிகாட்டி அவரிடம் மரியாதையுடனே, ஆனால் மன்னிப்புக் கேட்காமல் பேசினார். அவர் செய்தது சரி என்றே நமக்குத் தோன்றிற்று.

ஒரு சட்டை செய்த வேலை

ஏனெனில், மனித நோய் கொரில்லாவை என்ன செய்யும் என்பதை இக்காடு முன்பே கண்டிருக்கிறது. 1996 இல் புவிண்டியில் ஒரு சிறு கொரில்லாக் குடும்பத்துக்கு ரோமம் உதிர்ந்து, தோல் வெடித்துப் புண்ணாகும் நோய் கண்டது. உகாண்டா அரசு வனவிலங்குகளுக்கென அமர்த்திய முதல் கால்நடை மருத்துவரான கிளாடிஸ் கலேமா-சிகுசோகா அம்மையார், அது மனிதருக்கு வரும் சொறிநோயே என்று கண்டறிந்தார். மருந்தால் மற்றவை பிழைத்தன. குட்டி ஒன்று இறந்தது. நோய் வந்த வழி யாது? காட்டோரத்துத் தோட்டங்களில், பறவையையும் விலங்கையும் விரட்டக் குடியானவர் நிறுத்தும் பொம்மைகளுக்கு அணிவித்திருந்த பழைய சட்டைகளே என்று கருதப்பட்டது. தோட்டத்துக்கு வந்த கொரில்லா பொம்மையைத் தொட்டுப் பார்த்திருக்கும். அச்சட்டையை அணிந்திருந்த ஏழையின் சொறி அதற்கு வந்தது.

மனிதனைக் குணப்படுத்தாமல் கொரில்லாவைக் காக்க முடியாது என்பதை அந்த அம்மையார் அப்போது உணர்ந்தார். 2003 இல் அவர் தொடங்கிய அமைப்பு, கிராமத்தாரின் உடல்நலத்தையும் கொரில்லாக்களின் நலத்தையும் சேர்த்தே கவனித்து வருகிறது. 2009 இல் ருவாண்டாவில், மனிதரிடையே பரவும் சுவாச நோய்க் கிருமியொன்று ஒரு கொரில்லாக் குடும்பத்தைத் தாக்கி, வளர்ந்த பெண் கொரில்லா ஒன்றையும் ஒரு குட்டியையும் பலிகொண்டது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரக் காட்சிச் சாலையில் கொரில்லாக்களுக்கே கொரோனா தொற்றியது. அதனால்தான் முகக்கவசம், அதனால்தான் முன்பு ஏழு மீட்டராக இருந்த இடைவெளி பத்தாக உயர்ந்தது.

நம்மைக் கண்டு கொரில்லா ஓடாமல் இருப்பதும் இயற்கையாக நேர்ந்ததன்று. ஒரு காட்டுக் குடும்பத்தை மனித முகத்துக்குப் பழக்க இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது. நாள்தோறும் சென்று, சீறிப் பாய்வதைப் பொறுத்து, அந்தச் செருமும் ஒலியால் நட்பைத் தெரிவித்து, மெல்ல மெல்ல அதன் அச்சத்தைக் களைகின்றனர். 1991 இல் பழக்கத் தொடங்கிய முதற் குடும்பத்தை 1993 இல் பயணிகள் கண்டனர். இப்போது புவிண்டியில் ஏறத்தாழ இருபது குடும்பங்கள் அவ்வாறு பழகியுள்ளன. ஆனால், களைந்த அச்சத்தை மீண்டும் ஊட்ட முடியுமா? பயணி வந்தாலும் வேடன் வந்தாலும் அவற்றுக்கு இரண்டும் மனிதனே.

2020 மார்ச்சில் கொரோனாவால் பயணிகள் வருகை நின்றது. கூலியும் வருமானமும் நின்றன. காட்டோர மக்கள் இறைச்சிக்காகக் காட்டுக்குள் நுழைவது மிகுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், ‘ரஃபிக்கி’ என்னும் புகழ்பெற்ற வெள்ளிமுதுகன் ஈட்டி பாய்ந்து இறந்து கிடந்தது. சிறு விலங்குகளை வேட்டையாடச் சென்றவன், அது தாக்க வந்ததால் குத்தியதாகக் கூறினான். அவனுக்குப் பதினோர் ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ரஃபிக்கி என்னும் ஸ்வாஹிலிச் சொல்லுக்கு ‘நண்பன்’ என்று பொருள்.

காட்டை இழந்தவர்கள்

திரும்பும் வழியில் காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் பத்வா மக்கள் சிலரைக் கண்டோம். குள்ளமான உருவம் உடைய இவர்களே இக்காட்டின் பழங்குடிகள். தேனெடுத்தும், கிழங்கு அகழ்ந்தும், சிறு மானையும் காட்டுப்பன்றியையும் வேட்டையாடியும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தவர்கள். கொரில்லாவை உண்பது தங்கள் வழக்கம் அன்று என்கின்றனர். 1991 இல் காடு பூங்காவானபோது இவர்கள் வெளியேற்றப்பட்டனர். பயிரிட்டறியாத இவர்களுக்கு நிலமும் இல்லை. காட்டை விட்டால் மருந்தும் இல்லை. பிறர் வயலில் கூலிகளாயினர். 2021 ஆகஸ்டில்தான், அவர்கள் தக்க இழப்பீடின்றி வெளியேற்றப்பட்டனர் என்று உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. கொரில்லாவைக் காத்ததற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் 800 டாலர் பயணிகள் அல்லர், இவர்களே.

அங்கிருந்த முதியவர் ஒருவர் பயணிகளுக்காக இரு குச்சிகளை உரசித் தீ மூட்டிக் காட்டினார். புகை எழுந்ததும் அனைவரும் கைதட்டினர். எந்த மரத்துக் குச்சி என்று வழிகாட்டியின் மூலம் கேட்டோம். பெயரைச் சொல்லி, “முன்பெல்லாம் நானே போய் வெட்டி வருவேன்” என்று காட்டைக் காட்டினார்.

பயணிகள் தரும் பணம் ஊராருக்குச் சேர்கிறதா என்பது நம் மனத்தில் எழுந்த கேள்வி. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்கு இருபதும், ஒவ்வொரு கொரில்லா அனுமதிச் சீட்டிலிருந்தும் 10 டாலரும் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதிலிருந்து பள்ளிக் கட்டடங்களும் பாதைகளும் எழுந்துள்ளன. எஞ்சிய பெருந்தொகை, பயணிகள் வராத மற்றப் பூங்காக்களையும் சேர்த்துத் தாங்குகிறது. அது தேவைதான். ஆயினும் 800 இல் 10 என்பது, கொரில்லாவை அயலாராகப் பெற்ற மக்களுக்கு மிகவும் சிறு பங்கு என்றே நாம் கருதுகிறோம். பத்வா மக்களுக்காக ஒரு மரத்தடியில் தொடங்கிய மருத்துவப் பணி 2003 முதல் வளர்ந்து, இன்று புஹோமாவில் நல்லதொரு மருத்துவமனையாக நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே தாய்மாரும் குழந்தைகளும் காத்திருந்த வரிசையைக் கண்டபோது, காலையில் கேட்ட அந்தச் சளிக் கேள்வி வேறு பொருளில் நினைவுக்கு வந்தது.

நம் பையைச் சுமந்த இளைஞர் விடைபெறுமுன் தம் பெரியம்மாவின் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். காட்டின் விளிம்பை ஒட்டிய சிறு வாழைத்தோட்டம். முதல் நாள் காலையில் கொரில்லாக் குடும்பம் ஒன்று வந்து போயிருக்கிறது. பழத்தை அவை பொருட்படுத்தவில்லை. மரத்தைச் சாய்த்து, பிளந்து, உள்ளிருந்த தண்டைத் தின்றிருக்கின்றன. இத்தகைய வேளைகளில் அவற்றை வருத்தாமல் ஓசையெழுப்பித் திருப்பி அனுப்புவதற்கென ஊராரிலேயே தொண்டர் குழுக்கள் உண்டு. அவர்கள் வருமுன் பதினொரு மரங்கள் போய்விட்டன. சில இடங்களில் கொரில்லா தின்னாது என்பதால் காட்டோரத்தில் தேயிலை பயிரிடுகின்றனர். “தேயிலையைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட முடியுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

அவர் குரலில் வெறுப்பு இல்லை. சாய்ந்த மரங்களை வெட்டி ஒதுக்கியபடியே, அவை எந்தச் சரிவின் வழியாக வந்தன, எந்தச் சரிவில் இரவு படுத்திருந்தன என்றெல்லாம் சொன்னார். குட்டி ஒன்று தம்மைப் பார்த்து மார்பைத் தட்டியதையும் செய்து காட்டினார். நாம் புறப்படும்போது வழிகாட்டியை அருகழைத்து ஏதோ கேட்டுக்கொண்டார். நாளை வரப்போகும் எண்மரை இந்தத் தோட்டத்தின் வழியாக அழைத்து வரவேண்டாம், மேல்வழியே கொண்டு போகவேண்டும் என்பதே அவர் கேட்டது. மிஞ்சியிருக்கும் வாழைக்கன்றுகளை அவர்கள் மிதித்துவிடுவார்களாம்.